சலவைக்கல்லை வெளுத்தது யார்?

‘தூய வடிவம்’ என்று ஒரு சொல்லை நம்ம சிறுபத்திரிகைக்காரர்கள் ரொம்ப நாளாக உருட்டிக்கொண்டு வருகிறார்கள். நவீன சிற்பம் பற்றி எந்தக் கட்டுரையைப் புரட்டினாலும் இது வந்துவிடும். உருவத்தை விட்டு, கதையை விட்டு, சதையை விட்டு, கடைசியில் முட்டை, உருளை, கோளம் என்று வந்து நின்ற வெள்ளைச் சலவைக்கல் சிற்பங்கள்தான் தூய்மையின் உச்சம் என்கிறார்கள். பிராங்குசியின் பறவை தூய்மை. பார்பரா ஹெப்வொர்த்தின் மூன்று வடிவங்கள் தூய்மை. காலம் தீண்டாதது, அரசியல் தீண்டாதது, எதுவும் தீண்டாதது.

தீண்டாதது. இந்தச் சொல்லை எங்கேயோ கேட்ட மாதிரி இல்லை?

சுத்தம், மடி, ஆச்சாரம், தூய்மை... பிறந்ததிலிருந்து இந்தச் சொற்களுக்கு எதிர்ப்பக்கத்தில் நிறுத்தப்பட்டவர்கள் நாம். ஒருத்தன் ‘தூய’ என்று வாயெடுத்தால் நமக்கு உடனே வருகிற கேள்வி, ‘அப்போ அழுக்கு யாரு?’ என்பதுதான். மலக்குழிக்குள் இறங்குகிறவருக்குத் ‘தூய்மைப் பணியாளர்’ என்று அரசாங்கமே பெயர் மாற்றி வைத்திருக்கிறது. அவருக்குத் தூய்மை என்பது பணி. மற்றவனுக்கு அது பிறப்பிலேயே வந்துவிடுகிறது. இந்த விவகாரமெல்லாம் தெரிந்த நாம், ஒரு வெள்ளைக் கல்லைக் காட்டித் தூய்மை என்று சொல்கிறபோது மட்டும் வாய்பொத்திக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டுமா?

நம்ம தோழர்களிலேயே சிலர் வேறு மாதிரி கேட்பார்கள். பஞ்சமி நிலம் கிடக்குது, வன்கொடுமை வழக்கு கிடக்குது, பாரீசுக்காரன் செதுக்கின முட்டையைப் பத்தி நமக்கென்னப்பா பேச்சு? நியாயமான கேள்வி மாதிரிதான் இருக்கும். ஆனால் இதற்குள்ளே ஒரு ஏற்பாடு ஒளிந்துகொண்டிருக்கிறது. தலித் வந்தால் காயத்தைக் காட்டணும், அழணும், சாட்சி சொல்லணும், போயிடணும். வட்டம், கோளம், கோடு, வெளி இதையெல்லாம் பேசுறதுக்கு வேற ஆள் இருக்கான். பரிமாறுகிறவனே பந்தியையும் பிரித்து வைத்த கதை இது. இந்த ஏற்பாட்டை நாமே காவல் காக்க வேண்டியதில்லை. நிலமும் நம்முடையது, கோளமும் நம்முடையது.

முதலில் பெயரைப் பார்ப்போம். தமிழில் இதற்குப் பளிங்கு என்று ஒரு பெயர் இருந்தாலும் சனங்கள் சொல்வது சலவைக்கல். சலவை செய்த கல். வெளுத்த கல். தமிழ்நாட்டில் சலவை செய்கிறவர் யார், அவருக்கு என்ன மரியாதை என்பது எல்லோருக்கும் தெரியும். தலித்துகளுக்கே துணி வெளுத்துக் கொடுத்த புதிரை வண்ணாரைப் பகலில் கண்ணில் படவே கூடாது என்று வைத்திருந்த நாடு இது. வெளுத்த துணி மேனியில் ஏறும். வெளுத்தவர் வீட்டுக்குள் ஏறக் கூடாது. சலவைக்கல்லுக்கும் அப்படி ஒரு கதை இருக்கிறது.

கல் தானாக வெள்ளையாகப் பிறக்கவில்லை. கடலடியில் படிந்த சுண்ணாம்புச் சேறும் செத்த உயிர்களின் ஓடுகளும்தான் கோடிக்கணக்கான வருசம் அழுத்தப்பட்டு, வெந்து, படிகமாக மாறிச் சலவைக்கல் ஆகின்றன. களிமண்ணும் இரும்புத் துருவும் கரியும் கலந்த இடத்தில் கோடுகளும் நிறங்களும் ஓடும். உடைத்தெடுத்த கல்லில் மிக வெள்ளையானதைப் பொறுக்கி, ‘சிலைக்கல்’ என்று தனியாகப் பிரித்து, அதற்கு அதிக விலை வைக்கிறான் வியாபாரி. அந்தப் பொறுக்கலில் தேறின கல்தான் சிற்பக்கூடத்துக்குப் போய்த் ‘தூய்மை’ என்று பெயர் வாங்குகிறது. மிச்சமெல்லாம் கழிவு. அந்தக் கழிவு இன்றைக்குப் பொடியாகிப் பற்பசைக்கும் காகிதத்துக்கும் போகிறது என்பது வேறு கதை.

இத்தாலியில் அபுவான் மலைகளின் அடிவாரத்தில் கராரா என்று ஒரு ஊர். தூரத்திலிருந்து பார்க்கிறவர்கள் மலையில் பனி படிந்திருக்கிறது என்று நினைப்பார்கள். பனி இல்லை. வெட்டிப்போட்ட கல்சில்லுகள் சரிவு முழுக்கக் கொட்டிக் கிடக்கின்றன. ரோமாபுரிக் காலத்தில் அடிமைகளை வைத்து வெட்டிய மலை அது. மிக்கேலாஞ்சலோ வந்து கல் தேர்ந்தெடுத்த மலையும் அதுதான். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவின் சிற்பக்கூடங்களுக்கு வந்த வெள்ளைக் கல்லில் பெரும்பகுதி இங்கிருந்தும் பக்கத்திலுள்ள செராவெஸ்ஸா போன்ற ஊர்களிலிருந்தும் போனதுதான்.

வெடிமருந்து வைத்துப் பிளந்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் முறுக்குக் கம்பி வந்தது. மணலும் தண்ணீரும் ஊற்றிக்கொண்டே கம்பியை ஓடவிட்டுக் கல்லை அறுப்பார்கள். அறுப்பதைவிட இறக்குவதுதான் உயிர் போகிற வேலை. லிஸ்ஸாத்தூரா என்று அதற்குப் பெயர். பல டன் எடையுள்ள கல்லைக் கயிறு போட்டுக் கட்டி, சோப்புத் தடவிய மரக்கட்டைகளின் மேல் சறுக்கவிட்டு, செங்குத்தான சரிவில் கீழே கொண்டு வரணும். மேலே நின்று கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துகிறவர்கள் சிலர். கல்லுக்கு முன்னால், கீழ்ப்பக்கத்தில் நின்று கட்டைகளை எடுத்து எடுத்துப் போடுகிறவர்கள் சிலர். கயிறு அறுந்தால் கீழ்ப்பக்கம் நிற்கிறவன் கதி என்ன என்று சொல்லத் தேவையில்லை. 1960கள் வரைக்கும் இந்த வேலை நடந்தது. பாறை முகத்தில் பெயர்ந்து நிற்கிற கல்லைத் தட்டிவிடுவதற்கென்றே கயிற்றில் தொங்குகிற ஆட்களும் தனியாக உண்டு.

1911 ஜூலையில் பெத்தோலி என்கிற குவாரியில் பாறை விழுந்து ஒரே நாளில் 10 தொழிலாளிகள் செத்தார்கள். பிராங்குசி ‘உறங்கும் தேவதை’யின் தலையைச் சலவைக்கல்லில் செதுக்கி முடித்தது அதற்கு ஒரு வருசம் முன்பு. அவருடைய கல் அந்தக் குழியிலிருந்து வந்தது என்று நான் சொல்லவில்லை. ஒரே காலத்தில், ஒரே பொருளில் இந்த இரண்டும் நடந்தன என்பதை நான் படித்த எந்த அழகியல் புத்தகமும் ஒரு பக்கத்தில் சேர்த்து வைக்கவில்லை என்றுதான் சொல்கிறேன்.

அந்த மலைச்சனம் சும்மாவும் இருக்கவில்லை. கராரா அரசின்மைவாதிகளின் கோட்டை. 1894 ஜனவரியில் குவாரித் தொழிலாளிகள் கிளர்ந்தெழுந்தார்கள். கிரிஸ்பி அரசாங்கம் முற்றுகை நிலை அறிவித்து, ராணுவ நீதிமன்றம் வைத்து, கூட்டம் கூட்டமாகச் சிறைக்கு அனுப்பியது. பிறகு ஆல்பர்டோ மெஸ்கி என்கிற தொழிற்சங்கத் தலைவர் வந்தார். எட்டு மணி நேர வேலைக்கே உலகம் அடித்துக்கொண்டிருந்த காலத்தில் குவாரித் தொழிலாளிக்கு ஆறரை மணி நேர வேலைநாள் வாங்கினார்கள். அதற்கப்புறம் பாசிசம் வந்து எல்லாவற்றையும் நசுக்கியது.

அந்தப் பாசிசத்துக்கும் வெள்ளைக்கல் வேண்டியிருந்தது. 1920களின் கடைசியில் கராராவிலிருந்து சுமார் 300 டன் எடையுள்ள ஒரே கல்லை அறுத்து, லிஸ்ஸாத்தூராவில் இறக்கி, மாடுகளைப் பூட்டி இழுத்து, கப்பலேற்றி ரோமுக்குக் கொண்டுபோனார்கள். 1932இல் அது முசோலினியின் பெயர் பொறித்த தூணாக நிமிர்ந்து நின்றது. இன்னும் நிற்கிறது. உருவம் இல்லை, கதை இல்லை, வெறும் நேர்கோடு, வெறும் விளிம்பு, வெறும் வெள்ளை. வடிவம் தூய்மையானால் அரசியல் தீண்டாது என்கிற அன்பர்கள் இந்தத் தூணை என்ன செய்வார்கள்? பேசவே மாட்டார்கள்.

சரி, பிராங்குசிக்கு வருவோம். இவரைத் தூய்மைச் சாமியாராக ஆக்கிவைத்தது விமர்சகர்கள். ஆள் அப்படி இல்லை. 1876இல் ருமேனியாவில் ஹோபித்சா என்கிற கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, ஆடு மேய்த்து, சின்ன வயசிலேயே வீட்டை விட்டு ஓடி, கடைகளில் எடுபிடி வேலை பார்த்து, 1904இல் பாரீஸ் வந்து சேர்ந்தவர். 1907இல் ரோடினின் கூடத்தில் கொஞ்ச நாள் இருந்தார். ரோடின் களிமண்ணில் செய்வார்; அதை அளவுக்கருவி வைத்துப் புள்ளி புள்ளியாகச் சலவைக்கல்லுக்கு மாற்றுவது கூலிக்கு அமர்த்தின கல்தச்சர்கள். கையெழுத்து ரோடினுக்கு, தூசி தச்சனுக்கு. அன்றைக்குப் பெரிய சிற்பிகள் எல்லாருடைய கூடமும் இப்படித்தான் இயங்கியது. பிராங்குசி அதிலிருந்து வெளியேறி, தானே உளியைப் பிடித்துக் கல்லில் நேரடியாக இறங்கினார். அடுப்பு, பெஞ்சு, பீடம் எல்லாம் அவர் கைவேலை. 1927இல் இசாமு நொகுச்சி என்கிற இளைஞர் உதவியாளராக வந்தபோது அவருக்கும் கல்லை எப்படிச் சதுரமாக வெட்டுவது என்பதிலிருந்துதான் பாடம். மூளையும் கையும் ஒரே ஆளிடம் இருக்கும் என்று அந்த மேய்ப்பன் வீட்டுப் பிள்ளை காட்டினார். அதை நாம் மதிக்க வேண்டும்.

ஆனால் உலகம் அதை எப்படி வாங்கிக்கொண்டது என்று பாருங்கள். அமெரிக்கச் சுங்கச் சட்டப்படி கலைப்பொருளுக்கு வரி இல்லை. 1916இல் ஒரு சலவைக்கல் நீர்த்தொட்டியும் இரண்டு சலவைக்கல் இருக்கைகளும் வழக்குக்கு வந்தன. அவை இயற்கை உருவத்தைப் பின்பற்றிச் செய்தவை அல்ல, கைவினைஞன் செய்த அலங்காரம், சிற்பம் ஆகாது என்று தீர்ப்பு. 1926இல் பிராங்குசியின் ‘வெளியில் பறவை’, இது வெண்கலத்தில் செய்தது, நியூயார்க் துறைமுகத்தில் வந்திறங்கியது. சமையல் சாமான், ஆஸ்பத்திரிச் சாமான் வகை என்று 40 சதவீத வரி போட்டார்கள். இந்தக் கதையைச் சொல்லி எல்லோரும் சிரிப்பார்கள். நவீனத்துவத்தின் வெற்றிக்கதை என்பார்கள். 1928இல் பிராங்குசி பக்கம் தீர்ப்பு வந்தது, உண்மை. ஆனால் எந்த வாதத்தை வைத்து வென்றார்கள்? நல்ல மெக்கானிக் ஒருவன் அரமும் பட்டைத் துணியும் வைத்து இதைத் தேய்த்துச் செய்துவிட முடியாதா என்று அரசு வக்கீல் கேட்டார். தேய்த்துப் பளபளப்பாக்குவான், ஆனால் இப்படி ஒன்றைக் கற்பனை செய்ய அவனால் ஆகாது என்று சிற்பி ஜேக்கப் எப்ஸ்டைன் சாட்சி சொன்னார்.

அடேயப்பா! நம்ம ஊர் வர்ணக்கதையை அப்படியே நியூயார்க் கோர்ட்டில் சொன்ன மாதிரி இல்லை? கை வேலை செய்யும், கற்பனை செய்யாது. அம்மி கொத்துகிறவரும் குழவி உருட்டுகிறவரும் முட்டை வடிவத்தை யாரிடம் போய்க் கற்றார்கள்? மூளையையும் கையையும் ஒன்றாக்கினவருடைய பறவையைக் காப்பாற்றுவதற்கே மூளையையும் கையையும் மறுபடி வெட்டவேண்டி வந்தது.

இப்போது பிராங்குசியிடமே கேட்க வேண்டிய கேள்விக்கு வருகிறேன். 1923இல் அவர் சலவைக்கல்லில் ஒரு தலை செய்தார். ‘வெள்ளை நீக்ரோப் பெண்’ என்று பெயர். 1926இல் மறுபடியும் ஒன்று. முதலாவது பிலடெல்பியாவில் இருக்கிறது, இரண்டாவது சிகாகோவில். 1922இல் மார்செய்ல் நகரில் பிரெஞ்சு ஏகாதிபத்தியம் ஒரு காலனியக் கண்காட்சி நடத்தியது. காலனி நாட்டு மனிதர்களையே கொண்டுவந்து வேடிக்கைப் பொருளாக நிறுத்திய சந்தை. அங்கே பார்த்த ஒரு கறுப்புப் பெண்தான் இந்தத் தலைக்கு மூலம் என்று சொல்லப்படுகிறது. அவள் பெயர் தெரியாது. பிராங்குசி செய்த வெள்ளைக்காரப் பெண்களுக்குப் பெயர் உண்டு. மார்கித் பொகானியை 1912இலிருந்து மறுபடி மறுபடி செய்தார், ஒவ்வொன்றிலும் ‘பொகானி’ என்கிற பெயர் இருக்கிறது. நான்சி கூனார்ட் இருக்கிறாள். கறுப்புப் பெண்ணுக்கு மட்டும் இனத்தின் பெயர்தான் பெயர்.

தலை ஒரு முட்டை. கண் இல்லை, மூக்கு இல்லை, காது இல்லை. எல்லாம் அகற்றப்பட்டுவிட்டது. தடித்த உதடும் கொண்டையும் மட்டும் இருக்கின்றன. அகற்று, அகற்று, சாரத்தை மட்டும் வை என்று சொன்னவர் உதட்டை ஏன் விட்டுவைத்தார்? ஏனென்றால் ஐரோப்பியக் கண்ணுக்கு அவளுடைய சாரமே அதுதான். கேலிச்சித்திரக்காரன் எதைப் பிடித்துக்கொள்வானோ அதையே தூய வடிவக்காரரும் பிடித்துக்கொண்டார். பிறகு அவளை வெளுத்தார். வெளுத்தால்தான் தேவதைகள் வரிசையில் உட்கார வைக்க முடியும். நம்மைப் பார்த்து, ‘உங்களைப் பார்த்தா அப்படித் தெரியவே இல்லையே’ என்று பாராட்டுகிறார்களே, அந்தப் பாராட்டுதான் இந்தச் சிற்பம். பிலடெல்பியாவில் இருப்பது கோடு ஓடிய கல். வெளுத்த பிறகும் அவள் முகத்தில் அந்த மலையின் அழுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. பார்க்கப் பார்க்க எனக்கு அந்தக் கோடுதான் பிடிக்கிறது.

எம்.ஏ. படித்தபோது ஒரு பேராசிரியர் என் கட்டுரையைத் திருப்பிக் கொடுத்து, விசயம் சரி, நடை சுத்தமா இல்லை என்றார். எங்க தெருப் பேச்சு ரெண்டு வரி உள்ளே வந்துவிட்டது, அவ்வளவுதான். கோடில்லாத கல்லைத்தான் அவரும் கேட்டார்.

வெள்ளையை எப்படித் தயாரிக்கிறார்கள் என்பதற்கு இன்னொன்று சொல்ல வேண்டும். 1937இல் லண்டனில் ‘வட்டம்’ என்கிற தொகுப்பு வந்தது. கட்டுமானவாதக் கலையின் முக்கியமான ஆவணம். காபோவும் நிக்கல்சனும் மார்ட்டினும் தொகுத்தார்கள், ஹெப்வொர்த் அதில் எழுதினார். ஏறக்குறைய அதே நேரத்தில் அதே லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்துக்குள் வேறு ஒரு வேலை நடந்துகொண்டிருந்தது. ஏதென்சிலிருந்து எல்ஜின் பிரபு பெயர்த்துக் கொண்டுவந்த பார்த்தினான் சிற்பங்களை, புதுக் காட்சிக்கூடத்துக்குப் பணம் கொடுத்த டுவீன் பிரபு வெள்ளையாகப் பார்க்க ஆசைப்பட்டார். வேலையாட்களைச் செப்புக் கருவியும் உளியும் கார்பொரண்டமும் கொடுத்துச் சுரண்ட வைத்தார்கள். தேன் நிறமாகப் பழுத்திருந்த மேல்தோல் உரிந்து போனது. பிறகு விசயம் வெளியே வந்து நாறியது. அந்தச் சிலைகள் ஆதியில் வண்ணம் பூசப்பட்டவை. கிரேக்கன் வெள்ளையை வணங்கவில்லை. பின்னால் வந்த ஐரோப்பியன்தான் வெள்ளையைக் கிரேக்கன் தலையில் கட்டினான்.

ஹெப்வொர்த்தை இந்தக் கணக்கில் சேர்த்து அடிக்க எனக்கு மனசு வரவில்லை. 1934 அக்டோபரில் அவருக்கு ஒரே பிரசவத்தில் மூன்று குழந்தைகள். 1935இல் செராவெஸ்ஸா சலவைக்கல்லில் ‘மூன்று வடிவங்கள்’. ஒரு கோளம், இரண்டு உருண்டு நீண்ட வடிவங்கள், ஒரே பீடத்தில், ஒன்றுக்கொன்று இத்தனை தூரம் என்று. இதைத்தான் சமூகம் தீண்டாதது என்கிறார்கள்! மூன்று கைக்குழந்தையை வைத்துக்கொண்டு மறுபடி உளியைப் பிடித்தவளுடைய கல்லில் சமூகம் இல்லையா? எது எதற்குப் பக்கத்தில், எத்தனை தூரத்தில் இருக்கலாம் என்பதுதான் அந்தச் சிற்பத்தின் விசயமே. ஊருக்கும் சேரிக்கும் நடுவே உள்ள தூரத்தைக் காலால் அளந்தவர்களுக்கு அது புரியாது என்று யார் சொன்னது?

இந்தியாவுக்கும் இந்தக் கல்லுக்கும் நேரடித் தொடர்பு ஒன்று உண்டு. இந்தூர் மன்னர் யஷ்வந்த்ராவ் ஹோல்கர் பிராங்குசியிடம் மூன்று பறவைகள் வாங்கினார். ஒன்று வெண்கலம், ஒன்று கறுப்புச் சலவைக்கல், ஒன்று வெள்ளைச் சலவைக்கல். அவற்றை வைப்பதற்கு இந்தூரில் ஒரு தியானக் கோயில் கட்டுவது என்று திட்டம். நடுவில் தண்ணீர், சுற்றிப் பறவைகள், நிலத்தடி வழியாக நுழைவு, தனியாக உட்கார்ந்து தியானம் என்று அதைப் பற்றிச் சொல்கிறார்கள். அந்த வேலைக்காக 1937 கடைசியில் பிராங்குசி கிளம்பி வந்து இந்தூரில் தங்கினார். கோயில் எழும்பவில்லை, திரும்பிவிட்டார். ஹோல்கர் வம்சத்தின் மூதாதையும் ஆடு மேய்த்த குலம். மேய்ப்பன் மகன் செதுக்கினார், மேய்ப்பன் வம்சத்து மன்னர் வாங்கினார்.

இந்தூரிலிருந்து இருபது மைல்கூட இல்லாத தூரத்தில் இருக்கிறது மாவ். 1891இல் அம்பேத்கர் பிறந்த ஊர். 1927இல் மகாத் குளத்தில் ஒரு கை தண்ணீர் அள்ளுவதற்கு அவர் ஆயிரக்கணக்கில் மக்களைத் திரட்ட வேண்டியிருந்தது. 1930இல் நாசிக் காலாராம் கோயில் வாசலில் தொடங்கின போராட்டம் வருசக்கணக்கில் நடந்தும் கதவு திறக்கவில்லை. 1935 அக்டோபரில் இயோலாவில், இந்துவாகச் சாகமாட்டேன் என்றார். பாரீசில் உட்கார்ந்து தியானக் கோயிலின் தண்ணீரையும் வாசலையும் வரைந்துகொண்டிருந்த அதே வருசங்கள். பிராங்குசிக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் இந்தக் கோயில் கதையை இன்றைக்கு எழுதுகிற நம்மவர்களுக்குத் தெரியும். கிழக்கின் ஆன்மிகமும் மேற்கின் தூய வடிவமும் சந்தித்த புண்ணியத் தருணம் என்று எழுதுகிறபோது, தண்ணீர், வாசல், கோயில் என்கிற மூன்று சொற்களும் அந்த நாட்டில் அந்த வருசத்தில் என்ன அர்த்தத்தில் இருந்தன என்று ஒரு வரி எழுதினால் பேனா தேய்ந்துவிடுமா? கறுப்புப் பறவையும் வெள்ளைப் பறவையும் 1973இல் ஆஸ்திரேலியாவுக்கு விற்கப்பட்டு இப்போது கான்பராவில் இருக்கின்றன.

பிராங்குசியைத் தூக்கிப்போடு என்று நான் சொல்லவில்லை. 1920 வாக்கில் அவர் செய்த ஒரு சலவைக்கல் முட்டைக்குப் ‘பார்வையற்றவர்களுக்கான சிற்பம்’ என்று பெயர். தொட்டுத் தெரிந்துகொள் என்று அர்த்தம். இன்றைக்கு அது மியூசியத்தில் இருக்கிறது, வருகிறவர்கள் தொடக் கூடாது. தொடச் சொல்லிச் செய்த கல்லையே தீண்டாக் கல்லாக ஆக்கிவிட்டார்களே, அந்தக் கூட்டத்தோடுதான் சண்டை. அந்தக் கல்லை நாம் தொட வேண்டும். தொட்டால் உளித்தடம், தேய்த்தவனின் கை, கயிறு, சோப்பு, மலை எல்லாம் அதில் இருக்கும்.

ஹெப்வொர்த் 1920களின் நடுவில் ரோமில் இருந்தபோது சலவைக்கல் செதுக்கக் கற்றுக்கொடுத்தவர் ஜியோவன்னி அர்தினி என்கிற தச்சர். ஆளுக்கு ஆள், கைக்குக் கை சலவைக்கல் நிறம் மாறும் என்று அவர் சொன்னாராம். ஹெப்வொர்த் அதை மறக்காமல் பெயரோடு எழுதிவைத்தார். வெள்ளைக் கல்லில் வேலை செய்தே வாழ்ந்த மனிதர் அதை ஒரே வெள்ளை என்று சொல்லவில்லை, பாருங்கள். அர்தினியின் கையால் ஆன ஒரு கல்லையாவது பார்த்துவிட வேண்டும் என்று நானும் தேடுகிறேன். கையில் கிடைத்த படப்புத்தகம் எதிலும் இதுவரை இல்லை.